கையை மட்டும் காட்டுங்கள்

அப்படியே இருங்கள், சார். முதுகை நன்றாகச் சாய்த்து, முகவாயைச் சற்றே இறக்கி... போதும். என் தோளுக்குப் பின்னால், அலமாரியின் நடுத்தட்டில் ஒரு சிறிய நீல டப்பா இருக்கிறதல்லவா, அதன் மூடியையே பாருங்கள். இனி நான் சொல்லும்வரை பார்வை அதைவிட்டு நகரக்கூடாது. பேசவும் கூடாது. பேசினால் புருவம் ஏறும். புருவம் ஏறினால் விழி அசையும். விழி அசைந்தால் நான் பார்த்துக்கொண்டிருக்கும் கோடு எங்கேயோ ஓடிவிடும். ஏதாவது வேண்டுமென்றால் கையை மட்டும் காட்டுங்கள். நான் புரிந்துகொள்வேன். பழக்கம்தான்.

என் போனையும் சத்தத்தை நிறுத்தி அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். வேலை நேரத்தில் அதை நான் தொடுவதில்லை. இனி நீங்களும் நானும் இந்த வடக்கு ஜன்னல் வெளிச்சமும்தான்.

பயப்பட ஒன்றுமில்லை. போன தடவை எடுத்த அச்சு உங்கள் கண்குழிக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இன்று உங்கள் செயற்கைக் கண்ணுக்குக் கருவிழியை வரைவது மட்டும்தான். இதோ, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை. உங்கள் இடது கண்ணைப் பார்த்துப் பார்த்து, இதன்மேல் நிறத்தைப் படலம் படலமாக ஏற்றப் போகிறேன். எல்லாரும் கருவிழி, கருவிழி என்கிறார்கள். கறுப்பாக ஒரு விழியை இதுவரை நான் பார்த்ததில்லை. உங்களுடையது பழுப்பு. ஓரத்தில் கொஞ்சம் சாம்பல். நடுவே கண்மணியைச் சுற்றி, காய்ந்த வெல்லப்பாகின் நிறத்தில் ஒரு வளையம், அதுவும் ஒரு பக்கம் கொஞ்சம் அறுந்தாற்போல. உங்கள் மனைவிக்குக்கூட அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

சிரிக்காதீர்கள். சிரித்தாலும் அசையும்.

நீங்கள் பேசக்கூடாதே தவிர நான் பேசலாம். பேசினால்தான் எதிரில் இருப்பவருக்குப் பொழுது போகும். வீட்டில் பேச ஆளில்லாமல்தான், வருகிறவர்களிடமெல்லாம் பேசுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் உள்ள பெண்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், எனக்குக் கேட்காது என்று நினைத்து. என் கணவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பேத்திக்குக் காது குத்துவதற்காக இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். எனக்கு இங்கே வேலை கிடந்தது, திரும்பிவிட்டேன். "நீ போ அரசி, நான் ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்" என்றார். அது தை மாதம். இப்போது ஆவணி. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தைக்கு ஒரு ஆள் வேண்டாமா? சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னார். குழந்தைக்குச் சளி. ஆடியில் வருவதாகச் சொன்னார். இப்போது நான் கேட்பதில்லை. கேட்டால் நச்சரிப்பதுபோல் இருக்கும் அல்லவா?

தினமும் போன் செய்வார். இப்போது தினமும் இல்லை. செய்தால், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பார். நான் மாத்திரை சாப்பிட்டீர்களா, முட்டிக்குத் தைலம் தேய்த்தீர்களா, இரண்டையும் கேட்பேன். "ம்" என்பார். வைத்துவிடுவார். அவரிடம் எந்தக் குறையும் கிடையாது.

கண்ணை ஏன் சுருக்குகிறீர்கள்? டப்பாவை, டப்பாவைப் பாருங்கள். ஆம், அப்படி.

நான் சொல்ல வந்தது தமயந்தியைப் பற்றி. இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு பெண்ணைப்போல் என்னை வேதனைப்படுத்திய வாடிக்கையாளர் யாரும் இல்லை. என் கைவேலையில் இனி ஒன்று அப்படி அமையாது, அதை வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனாள். நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நான் என்ன தவறு செய்தேன் என்று. இப்போது இல்லை, முடிந்தபிறகு.

பெரிய துணிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் வேலை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சாலையில் நின்றுகொண்டிருந்தவள்மேல் லாரிச் சக்கரத்திலிருந்து ஒரு ஜல்லி தெறித்து இடது கண் போய்விட்டது. ஆறேழு மாதம் கறுப்புக் கண்ணாடியோடு கடைக்குப் போயிருக்கிறாள். பிறகு புருஷனோடு இங்கே வந்தாள். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வேலை முடிந்து நான் கண்ணைப் பொருத்தியதும், அந்த மனிதர் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து இந்தக் கண்ணைப் பார்க்கிறார், அந்தக் கண்ணைப் பார்க்கிறார். கடைசியில் என்னிடம் திரும்பி, "ஏங்க, இதுல எதுங்க பொய்க் கண்ணு?" என்றார்.

சார், அந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். விலங்கியல் படித்துவிட்டு, கல்லூரியில் தவளை அறுக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்தும் போகாமல், இதைக் கற்றுக்கொண்டு வந்து உட்கார்ந்ததே அதற்காகத்தான். அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே தனியாக வந்தாள்.

"மேடம், கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா சாயங்காலமானா ஒருமாதிரியா இருக்கு."

குறையோடு வருகிறவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவேண்டியதில்லை. எங்கள் கண்ணாடிக்காரர்கள் சங்கம் ஒருமுறை அதற்கென்றே ஒரு நாள் வகுப்பு வைத்தது. டை கட்டிய பிள்ளை ஒன்று வந்து, எதிர்வாதம் செய்யாதீர்கள், அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லி அப்படித்தானே என்று கேளுங்கள், நம்மைப் புரிந்துகொண்டார்கள் என்ற நிம்மதி அவர்களுக்கு வரும் என்றது. மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதிக்கொள்ளவில்லை. நான் என்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆகவே தமயந்தியிடம், "மாலை வெளிச்சத்தில் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிகிறது, அப்படித்தானேம்மா?" என்று கேட்டேன்.

"அதில்ல மேடம், சாயங்காலம் கூட்டம் வருமில்லையா, அப்ப..."

"கூட்டத்தில் நான்கு பேர் பார்க்கும்போது தெரிகிறது. புரிகிறது."

நியாயமான குறைதான். வெளிச்சம் குறைந்தால் உயிருள்ள கண்மணி விரியும். நான் வரைந்தது விரியாது. பகலுக்கும் மாலைக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டுபிடித்து, விழியையே மறுபடி வரைந்து கொடுத்தேன். கூலி எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் காலையிலிருந்து மாலைவரை அவள் இங்கே இருந்தாள். அவித்த கடலை கொண்டுவந்திருந்தாள். பொட்டலத்தை நடுவில் பிரித்துவைத்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். என் கணவர் ஊருக்குப் போன புதிது அது.

வெளிச்சமா? கையை அலமாரிப் பக்கம் காட்டுகிறீர்களே. எதிர்க் கட்டடத்துக் கண்ணாடி வெயிலை அங்கே அடிக்கும், தெரியும். இருங்கள், இந்தத் திரையை இழுத்துவிடுகிறேன். இப்போது கூசாது. நான்தான் சொன்னேனே, கையைக் காட்டினால் போதும்.

பிறகு மறுபடி வந்தாள். "கடையில என்னைத் திமிர் பிடிச்சவன்னு சொல்றாங்க மேடம். முதலாளிவரைக்கும் போயிருச்சு."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அப்படிக் கேட்பது முக்கியம். "கண் முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்கிறார்கள், அப்படித்தானே?"

"அப்படியும் வச்சுக்கலாம், மேடம்" என்றாள்.

இதுவும் நியாயம்தான். அசையாத விழி திமிராகத்தான் தெரியும். ஒரு கண் திரும்ப, மற்றது நின்ற இடத்திலேயே நின்றால், பார்க்கிறவர்களுக்குத் தங்களை மதிக்கவில்லை என்று தோன்றும். உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினேன். தசை அதைக் கவ்விப் பிடிக்கவேண்டும், ஆனால் உறுத்தக்கூடாது. செதுக்குவேன், மாட்டுவேன், "அந்த மூலையைப் பாரம்மா, இந்த மூலையைப் பாரம்மா" என்பேன், கழற்றுவேன். ஒருவழியாக, அவள் கதவைப் பார்த்தால் இரண்டு விழியும் சேர்ந்து கதவுக்குப் போயின. ஜன்னலைப் பார்த்தால் இரண்டும் ஜன்னலுக்கு வந்தன. எனக்கே உடம்பு சிலிர்த்தது. அன்றிரவு என் கணவர் பேசியபோது அதைச் சொன்னேன். "நல்லது அரசி. நீ எதைச் சொன்னாலும் சரிபண்ணிருவே" என்றார்.

அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். என்னை அறிந்த மனிதர். தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "வீடு ரொம்பப் பெருசா இருக்கு" என்றார். அந்த வாரமே பின்னறையைக் காலி செய்து பூட்டினேன். சாப்பாட்டு மேசையைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். நான்கு எட்டில் எல்லாம் கைக்கு எட்டும்படி வைத்துக்கொடுத்தேன். இன்னொரு நாள், "சாயங்காலமானா ஒருமாதிரியா இருக்கு" என்றார். கூடத்தில் அந்த வெள்ளைக் குழல்விளக்கு முகத்தில் அடிக்கத்தான் செய்தது. மஞ்சள் விளக்காக மாற்றினேன். நான் வேலையிலிருந்து வீடு திரும்ப இரவாகிவிடும், அதனால் அவருக்கு நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்கினேன், நடைப்பயிற்சிக்குக் காலணி வாங்கினேன். பிறகு அவர் எந்தக் குறையும் சொன்னதில்லை. கோயம்புத்தூர் பேருந்து நிலையத்தில் என்னை ஏற்றிவிடும்போதுகூட எதையோ சொல்ல வந்து, சிரித்து, "உன்கிட்ட எதைச் சொன்னாலும் சரிபண்ணிருவே" என்றார். இத்தனை வருடம் கழித்து ஒரு மனிதர் தன் மனைவியை அப்படிப் பாராட்டுவது எளிதில்லை.

என்ன, காதைத் தொடுகிறீர்கள்? உரக்கப் பேசுகிறேனா? மன்னியுங்கள். சரி, மெதுவாகவே சொல்கிறேன். இனி இந்த வளையம்தான். அந்த அறுந்த இடத்தை நான் விடப்போவதில்லை, சார். அதையும் வரைந்துவிடுவேன்.

மூன்றாம் முறை தமயந்தி வந்தபோது மழை. நனைந்த குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்தாள். "மேடம், இன்னைக்கு ஒண்ணும் சரிபண்ண வேணாம். பிரஷ்ஷ எடுக்காதீங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க" என்றாள்.

கேட்டேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவரைக்கும் கடையில் எல்லாருக்கும் நினைவிருந்ததாம். அவளுக்கு இடது பக்கமாக வருகிறவர்கள், "தமயந்தி, இந்தப் பக்கம் வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு வருவார்களாம். தேநீர் கொண்டுவருகிறவர் சுற்றி வந்து வலது பக்கம் வைப்பாராம். நான் கண் வைத்த பிறகு ஒரு மாதம் நினைவு வைத்திருந்தார்கள். பிறகு மறந்துபோனார்கள். நான் நிறத்தைத் திருத்தியதும் இன்னும் மறந்தார்கள். விழி திரும்ப ஆரம்பித்தபிறகு முழுவதுமாகவே மறந்தார்கள். மாலைக் கூட்டத்தில் இடது பக்கம் வந்து நின்று, "அம்மா, அந்தப் பச்சையை எடுத்துக் காட்டு" என்று கைநீட்டும் பெண்ணை இவளுக்குத் தெரியாது. கூட்டத்தில் யாருடைய குரல் யாருக்கு? இந்தக் கண்ணோ அந்தப் பக்கமும் திரும்பிவிட்டு வரும். "என்னைப் பாத்துட்டே அந்தப் பக்கம் திரும்பிக்கிறா, என்ன திமிரு" என்பார்கள்.

"முன்னாடியாச்சும் பாக்கலைன்னு நெனச்சாங்க மேடம். இப்ப பாத்துட்டுப் பேசாம போறேன்னு நெனக்கிறாங்க."

அதோடு நிற்கவில்லை. வீட்டில் அவளுடைய சின்ன மகன் பால் டம்ளரோடு இடது பக்கமாக ஓடிவந்திருக்கிறான். இவள் அவனைக் காணாமல் திரும்பி இடித்திருக்கிறாள். அடுப்பிலிருந்து இறக்கிய பால். பிள்ளைக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வழன்றுவிட்டது. ஆட்டோக்காரர் உள்ளே ஓடிவந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அவளைப் பார்த்து, "கண்ணு தெரியல உனக்கு?" என்று கத்தியிருக்கிறார்.

"கத்திட்டு அப்படியே நின்னுட்டாரு மேடம். அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு அவருக்கு. அவரே மறந்துட்டாரு. எனக்கு ஒரு கண்ணு இல்லேங்கிறது இப்ப எனக்கு மட்டுந்தான் தெரியும். என்கூட யாருமே இல்ல."

அழுதாள். விழி எடுத்த இடத்திலும் கண்ணீர் சுரக்கும், சார், அது பலருக்குத் தெரியாது. இரண்டு கண்ணிலும் ஒரே அளவாக வழிந்தது. அந்த ஈரத்திலும் என் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இத கொஞ்சம் தப்பாச் செஞ்சு குடுங்க மேடம். பாத்தா தெரியணும். அவ்வளவுதான் நான் மொதல்லேர்ந்து கேக்குறது."

நீங்கள் ஒரு தொழில் செய்கிறவர். அருப்புக்கோட்டையில் தறிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பதாகச் சொன்னீர்கள். ஒருவர் வந்து, "இதைக் கொஞ்சம் கோணலாகக் கடைந்து கொடு" என்று கேட்டால் கடைசல் பொறிமேல் உங்கள் கை போகுமா? எனக்குப் போகவில்லை. ஆனால் கோபப்படவில்லை. அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். "உங்கள் குறைபாடு பிறருக்கு நினைவிருக்கவேண்டும் என்கிறீர்கள், அப்படித்தானே? அதற்கு ஒரு வழி செய்யலாம். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சிறிய அட்டை அடித்துத் தருகிறேன். கடையில் மேலாளரிடம் நானே பேசுகிறேன். மகனுக்கு..."

அவள் எழுந்துவிட்டாள். அந்த மூலையில் நின்று கண்ணைக் கழற்றினாள். என் மேசைமேல் விரித்திருந்த துணியில் வைத்தாள். கைப்பையிலிருந்து அந்தப் பழைய கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். "நீங்க என்ன பண்ணுவீங்க. நல்லா செஞ்சீங்க. ரொம்ப நல்லா செஞ்சீங்க." படியிறங்கிப் போய்விட்டாள். அன்றும் கொண்டுவந்திருந்த கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த நீல டப்பா, அதற்குள் இருப்பது அதுதான்.

அசைந்துவிட்டீர்கள். பரவாயில்லை. மூடியைப் பாருங்கள், உள்ளே இருப்பதை நினைக்காதீர்கள்.

அவள் திரும்பி வருவாள் என்று இருந்தேன். வரவில்லை. ஆனியில் ஒரு நாள், எனக்குச் சேலை எதுவும் தேவையில்லாமலே, அந்தக் கடைக்குப் போனேன். தெரிந்தவர்கள் யாரும் அழைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டுப் பிரிவில் அவள் நின்று மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். இரண்டு எட்டுத் தூரத்தில் நிற்கிறேன், அவள் திரும்பவில்லை. அவ்வளவு செய்தவளைப் பார்த்தும் பாராததுபோல் நிற்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, திமிர் என்ற சொல்லே எனக்கும் வாயில் வந்தது.

எதிர்ப்பக்கம் இருந்த ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "யக்கா, ஒன் இடது பக்கம் ஒரு மேடம் நிக்கிறாங்க!"

நான் நின்றது அவளுடைய இடது பக்கம், சார். நானே.

அவள் திரும்பினாள். ஐயோ, அந்தக் கண்! எங்கேயோ மொத்தமாகச் செய்துவைத்து விற்கும் கண்களில் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தாள். அளவில் பெரியது. நிறம் செம்பட்டை. அசைவே இல்லை, பொம்மைக்கு வைத்ததுபோல் நேரே பார்த்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவளோ வாயெல்லாம் சிரிப்பாக, "மேடம்! இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம்" என்று என் கையைப் பிடித்து வலது பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது எப்படிம்மா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"ரொம்ப மோசமா இருக்கு மேடம்!" என்றாள். அப்படி ஒரு மகிழ்ச்சி அவள் முகத்தில். "எல்லாருக்கும் தெரியுது."

மகனுடைய கை ஆறிவிட்டதாம். அவன் இப்போது வீட்டுக்குள் வரும்போதே, "அம்மா, நான் பொம்மைக் கண்ணுப் பக்கம் வர்றேன்" என்று கத்திக்கொண்டு வருகிறானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்திலிருந்த பெண்களும் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க சாப்டீங்களா? தனியாவா வந்தீங்க? சார் வரலையா?" என்றாள். நான் சார் ஊரிலிருப்பதைச் சொன்னேன். "எப்ப வர்றாங்க?" என்றாள். வேலை இருக்கிறதம்மா என்று புறப்பட்டுவிட்டேன். ஒரு சேலையும் வாங்கினேன். என்ன நிறம் என்று பிறகு வீட்டில் பிரித்தபோதுதான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். ஒரு பாடம் கற்றால் அதைத் தொழிலில் பயன்படுத்திவிடவேண்டும். அது என் சுபாவம். அன்றிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன். இது பிறருக்குத் தெரியவேண்டுமா, தெரியக்கூடாதா? முன்பெல்லாம் அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. உங்களிடமும் கேட்பேன். வரைந்து முடிந்ததும்.

மறுபடியும் கை. தண்ணீரா? இதோ, இன்னும் இரண்டே கோடு. நாக்கு வறளும், தெரியும். வெளிச்சமும் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது... இந்த அறுந்த வளையம்... ஆ. ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தால்தான் உண்மையான நிறம் தெரியும். பாருங்கள். இல்லை, நீங்கள் டப்பாவையே பாருங்கள், நான் பார்க்கிறேன்.

சரி, முடிந்தது. கண்ணை நன்றாக மூடித் திறங்கள். இனி அசையலாம். பேசலாம். இந்தாருங்கள் தண்ணீர். இப்போது என் கேள்வி. இது பிறருக்குத் தெரியவேண்டுமா, அல்லது...

என்ன? போனா? யாருடைய போன்?

என்னுடையதா?

வெகு நேரமாகவா? டப்பாவுக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்ததா? அதைத்தான் நீங்கள்... முதலில் அலமாரியைக் காட்டினீர்களே, அப்போதேவா? நான் திரையை இழுத்துவிட்டேன். காதைத் தொட்டதும் அதற்குத்தானா? ஆமாம், காதில் போனை வைத்தாற்போலத்தான் கையை வைத்திருந்தீர்கள். இப்போது தெரிகிறது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

கொடுங்கள். ஆமாம், அவர்தான். எல்லாமே அவர்தான். வேலை நேரத்தில் அவர் அழைப்பதே இல்லை, சார். குழந்தைக்கு ஒன்றும் இருக்காது. அப்படியென்றால் மகன் அழைத்திருப்பான். முட்டி வலியாக இருக்கலாம். தைலம் தீர்ந்திருக்கும். அந்தத் தெரு முனையில் ஒரு மருந்துக் கடை உண்டு, அங்கே நானே சொல்லி வீட்டுக்கே...

ஒரு செய்தியும் அனுப்பியிருக்கிறார். என் மூக்குக்கண்ணாடி எங்கே? இதோ. "ஒண்ணுமில்ல அரசி. சும்மாதான். கொஞ்சம் பேசணும்னு தோணிச்சு." அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

"ஒண்ணுமில்ல." தமயந்தியும் இதையேதான் சொன்னாள், அந்த மூலையில் நின்று.

நீங்கள் புறப்படுங்கள், சார். பேருந்துக்கு நேரமாகியிருக்கும். விழி காய ஒரு நாள் ஆகும், அடுத்த வாரம் வந்தால்... இல்லை, சார், ஒரு நிமிடம். உட்காருங்கள். அந்த நாற்காலியிலேயே உட்காருங்கள். ஓர் உதவி செய்யவேண்டும். நான் இப்போது அவரை அழைக்கப் போகிறேன். அவர் பேசுவார். பாதியில் நான் தைலம், மாத்திரை, விளக்கு என்று ஏதாவது சொல்ல வாயைத் திறப்பேன். எனக்கு என்னைத் தெரியும். திறந்த உடனே நீங்கள் கையை மட்டும் காட்டுங்கள். பேசவேண்டாம். கையை மட்டும். இந்தத் தடவை திரையை இழுக்கமாட்டேன்.

கையை மடியில் வைக்காதீர்கள், எனக்குத் தெரியாது. கொஞ்சம் மேலே, நான் பார்க்கிற இடத்தில். ஆம், அப்படியே.

மணி போகிறது.